கைபேசி கேள்வி–பதில்: எந்தச் செயலி, எப்போது, எவ்வளவு நேரம்?

கைபேசியில் எந்தச் செயலி எப்போது திறக்கப்பட்டது, எவ்வளவு நேரம் ஓடியது என்பதைப் பற்றி இம்முறை பலரும் கேட்டிருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை, அவர்களில் சிலர் விரும்பியபடி, வெளியிடவில்லை.

கேள்வி: திரை உடைந்ததால் என் ஆண்ட்ராய்டு கைபேசியைப் பழுதுபார்ப்பவரிடம் இரண்டு நாள் விட்டிருந்தேன். பரிசோதிக்க வேண்டும் என்று கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு நாளில் யாராவது என் புகைப்படங்களையோ செய்திகளையோ திறந்து பார்த்தார்களா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், ஓரளவுக்கு. ஆனால் இதைப் படித்தவுடன் பார்த்துவிடுங்கள். மணிவாரியான நுணுக்கமான பதிவுகளை ஆண்ட்ராய்டு சில நாள்களுக்கு மட்டுமே வைத்திருக்கும். பிறகு அவற்றைக் கூட்டி மொத்தத் தொகையாக மாற்றிவிடும்.

அமைப்புகளுக்குள் சென்று ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதியைத் திறங்கள். 2018-இல் ஆண்ட்ராய்டு 9 பதிப்போடு அறிமுகமான இந்த வசதி இப்போது பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இருக்கிறது. தயாரிப்பாளரைப் பொறுத்து அதன் தோற்றம் மட்டும் சற்று மாறும். முதலில் ஒரு வட்டமோ பட்டை வரைபடமோ தெரியும். அது இன்றைய கணக்கு. அதைத் தொட்டால் டாஷ்போர்டு திறக்கும். அங்கிருந்து முந்தைய நாள்களுக்குச் செல்லலாம். ஒவ்வொரு செயலிக்கும் திரையில் இருந்த நேரம், வந்த அறிவிப்புகளின் எண்ணிக்கை, திறக்கப்பட்ட தடவைகள் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடியும். ஒரு செயலியின் பெயரைத் தொட்டு மணிவாரியான காட்சிக்கு மாற்றும் வசதி உங்கள் கைபேசியில் இருந்தால், எந்த மணியில் அது ஓடியது என்பதும் புலப்படும்.

இனி அதைப் படிக்கும் விதம். திரையை மாற்றியவர் தன் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கேமராவைத் திறப்பார், எண்களை அழுத்திப் பார்ப்பார், அமைப்புகளுக்குள் சென்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பார். ஆகவே அந்த இரண்டு நாளில் கேமரா 1 நிமிடம், போன் 2 நிமிடம், அமைப்புகள் 3 நிமிடம் என்று இருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பரிசோதனைக்காக எடுத்த படம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க கேலரியையும் ஒருமுறை திறந்திருக்கலாம். ஆனால் கேலரி 14 நிமிடம், திறப்பு 3 முறை என்று இருந்தால் அதற்குப் பழுதுபார்ப்பு காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்பதே என் எண்ணம். அப்போதும் எந்தப் படத்தைப் பார்த்தார், எந்த உரையாடலைப் படித்தார் என்பதை இந்தப் பதிவு சொல்லாது. கதவு திறந்திருந்த நேரம் தெரியும். உள்ளே நுழைந்தவர் எந்தப் பெட்டியைத் திறந்தார் என்பது தெரியாது. கைபேசியைக் கணினியோடு இணைத்துக் கோப்புகளை நகலெடுத்திருந்தால், அதுவும் இந்தக் கணக்கில் சேராது. இது திரையில் நடந்ததை மட்டுமே எண்ணுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. அழைப்புக்கான எண் பலகையில் *#*#4636#*#* என்று அழுத்தினால் சில கைபேசிகளில் ஒரு பரிசோதனைப் பட்டியல் திறக்கும். அதில் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் என்ற பிரிவு இருந்தால், ஒவ்வொரு செயலியும் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று வரிசையாகக் காட்டும். பல தயாரிப்பாளர்கள் இதை அடைத்துவிட்டார்கள். எண்ணை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால் அது கைபேசியின் கோளாறு அல்ல.

அடுத்த முறை கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய தேவையே வராமல் இருக்க ஒரு வசதி இருக்கிறது. சாம்சங் 2022-இலும், பிக்சல் கைபேசிகள் 2023 இறுதியிலும் பழுதுபார்ப்புக்கென்றே ஒரு தனி நிலையைக் கொண்டுவந்தன. அதை இயக்கிவிட்டால் பழுதுபார்ப்பவர் கையில் இருப்பது வெறும் கைபேசிதான். உங்கள் படங்களும் செய்திகளும் பூட்டப்பட்ட மறுபக்கத்தில் இருக்கும். திரை முற்றிலும் செயலிழந்த கைபேசியில் அதை இயக்க இயலாது என்பது உண்மைதான், எனினும் மற்றப் பழுதுகளுக்கு இது போதும்.

கேள்வி: டிஜிட்டல் வெல்பீயிங்கில் நேற்றைய மொத்தம் 4 மணி 10 நிமிடம். பேட்டரி பக்கத்தில் செயலிகளின் நேரத்தைக் கூட்டினால் 9 மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. ஒரே கைபேசி இரண்டு விதமாகப் பேசுவது ஏன்? எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை என்பதுதான் செய்தி.

திரை நேரம் என்பது, திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது எந்தச் செயலி முன்னால் நின்றது என்ற கணக்கு. பேட்டரி பக்கமோ மின்சாரத்தை யார் செலவழித்தார்கள் என்று கேட்கிறது; அதற்குத் திரை எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது பொருட்டல்ல. எனவே அது ஒவ்வொரு செயலிக்கும் திரையில் இருந்த நேரம் ஒன்று, பின்னணியில் இயங்கிய நேரம் ஒன்று என இரண்டைத் தனித்தனியே தருகிறது. பாட்டைப் போட்டுவிட்டுத் திரையை அணைத்து 3 மணி நேரம் கேட்டிருந்தால், வெல்பீயிங்கில் அந்தச் செயலிக்கு நீங்கள் பாட்டைத் தேடி எடுத்த 5 நிமிடம் மட்டுமே ஏறும். பேட்டரி பக்கத்தில் மூன்று மணி நேரமும் பின்னணிக் கணக்கில் நிற்கும். அழைப்புகளும் அப்படித்தான். கைபேசியைக் காதில் வைத்ததும் திரை அணைந்துவிடுவதால், ஒரு மணி நேரம் பேசியவருக்கும் போன் செயலியின் திரை நேரம் சில நிமிடங்களாகவே இருக்கும். பேசிய நேரம் வேண்டுமானால் அழைப்புப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

மறுதிசையிலும் ஏமாற்றம் உண்டு. திரை அணையாமல் நேரத்தைக் காட்டும் கடிகாரச் செயலி ஒன்றை மேசைமேல் ஓடவிட்டுவிட்டு ஓர் இரவு உறங்கிப்போனேன். மறுநாள் என் கைபேசி, நான் 7 மணி நேரம் அதை விடாமல் பயன்படுத்தியதாகக் கணக்குக் காட்டியது. வண்டியில் செல்லும்போது வழிகாட்ட வைத்திருக்கும் வரைபடச் செயலியும் இதே கதைதான். திரை ஒளிர்ந்தது என்பது மட்டும் கைபேசிக்குத் தெரியும், கண் திறந்திருந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இதோடு இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். வெல்பீயிங்கின் நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. பேட்டரி பக்கத்தின் காலம், ஆண்ட்ராய்டு பதிப்பைப் பொறுத்து, கடைசியாக முழுமையாகச் சார்ஜ் ஏற்றியதிலிருந்து தொடங்கும், அல்லது கடந்த 24 மணி நேரமாக இருக்கும். நீங்கள் முந்தாநாள் மாலை சார்ஜரைக் கழற்றியிருந்தால், ‘நேற்று’ என்று நினைத்துப் பார்த்ததில் முந்தாநாள் இரவும் கலந்திருக்கும். டேட்டா பயன்பாட்டுப் பக்கம் மூன்றாவது கணக்கு. அது பெரும்பாலும் மாதச் சுழற்சியில் ஓடுகிறது. ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்திலுள்ள ‘நடப்புக் காலம்’ என்பதோ தானாகப் புதுப்பித்துக்கொள்வதே இல்லை. நீங்கள் கடைசியாக அதைச் சுழியமாக்கிய நாளிலிருந்து கூட்டிக்கொண்டே போகும். பலருக்கு அது கைபேசி வாங்கிய நாளாகவே இருக்கும். அந்தத் தொகையைப் பார்த்து வீட்டில் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: ஐபோனில் இந்த விவரங்களை எங்கே பார்ப்பது? மூன்று மாதங்களுக்கு முந்தைய ஒரு குறிப்பிட்ட நாளில் எந்தச் செயலிகளைப் பயன்படுத்தினேன் என்பது அலுவலக வேலை ஒன்றுக்காகத் தேவைப்படுகிறது. அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக முடியுமா?

பதில்: ஐபோனில் அமைப்புகளுக்குள் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற பகுதி. இதுவும் 2018-இல், ஐஓஎஸ் 12 உடன் வந்தது. எல்லாச் செயல்பாட்டையும் காட்டு என்ற வரியைத் தொட்டால் வாரமாகவும் நாளாகவும் பார்க்கலாம். நாள் காட்சியில் மணிவாரியான பட்டைகள் இருக்கும். செயலிகளின் பட்டியலுக்குக் கீழே, கைபேசியை எத்தனை முறை கையில் எடுத்தீர்கள், எடுத்தவுடன் முதலில் திறந்தது எதை என்பதும் உண்டு. என் பார்வையில் அந்தப் பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள வரி அதுதான், ஆனால் பலர் அதுவரை கீழே இறங்கிப் பார்ப்பதில்லை. உங்களிடம் ஐபேடும் இருந்து, எல்லாக் கருவிகளையும் சேர்த்துக் காட்டும் வசதி இயக்கத்தில் இருந்தால், திரையில் தெரியும் தொகை இரண்டும் சேர்ந்தது. மேலே கருவியின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு முந்தைய ஒற்றை நாள் கிடைக்காது. ஸ்கிரீன் டைம் சில வாரங்களுக்கே பின்னோக்கிச் செல்லும்; அதுவும் நீங்கள் அதை இயக்கிய நாளிலிருந்துதான். ஆண்ட்ராய்டிலும் நிலைமை இதுவே. அங்கே விதி வெளிப்படையாக வகுக்கப்பட்டிருக்கிறது: நாள்வாரிக் கணக்கு 7 நாள், வாரவாரிக் கணக்கு 4 வாரம், மாதவாரிக் கணக்கு 6 மாதம், ஆண்டுவாரிக் கணக்கு 2 ஆண்டு. அதாவது மூன்று மாதத்துக்கு முந்தைய அந்த மாதம் முழுவதும் ஒரு செயலியை மொத்தம் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினீர்கள் என்பது உள்ளே இருக்கக்கூடும், ஆனால் அந்த மாதத்தின் 12-ஆம் நாள் என்ன நடந்தது என்பது கரைந்துபோயிருக்கும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது கைபேசியில் இல்லை. உங்கள் கூகுள் கணக்கின் ‘எனது செயல்பாடு’ பக்கத்தில், இணையம் மற்றும் செயலிச் செயல்பாடு என்ற பதிவு முன்பே இயக்கத்தில் இருந்திருந்தால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்தச் செயலியைத் திறந்தீர்கள் என்ற வரிகள் அங்கே இருக்கலாம். எவ்வளவு நேரம் என்பது இராது; திறந்த நேரம் மட்டும்தான். இந்தப் பதிவு 3, 18 அல்லது 36 மாதத்தில் தானாக அழியும்படி வைத்துக்கொள்ளலாம். 2020-க்குப் பிறகு தொடங்கப்பட்ட கணக்குகளில் 18 மாதம் என்பதே இயல்பாக அமைந்திருக்கும். கணினியிலிருந்தும் இதைப் பார்க்கலாம் என்பதால், கைபேசியே தொலைந்துபோனவருக்கும் இது உதவும்.

இருந்தாலும், அலுவலக வேலைக்குச் சான்றாக வேண்டும் என்கிறீர்கள். அதற்குச் செயலியின் பயன்பாட்டு வரலாற்றை நம்ப வேண்டாம். அன்று அனுப்பிய மின்னஞ்சலின் நேரம், திருத்திய கோப்பின் பதிப்பு வரலாறு, அழைப்புப் பட்டியல் ஆகியவை செயலி திறந்திருந்தது என்பதைவிட உறுதியான சான்றுகள்.

கேள்வி: என் மகள் சமீபத்தில் திறந்த செயலிகளின் வரிசையை மேலே தள்ளித் தள்ளி அழித்துவிடுகிறாள். அத்துடன் வரலாறும் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. அந்த வரிசை, விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக வைக்கப்பட்ட அட்டைகள் மட்டுமே. பயன்பாட்டுக் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. உலாவியில் மறைநிலைப் பக்கத்தைத் திறந்தாலும், எந்தத் தளம் என்பதுதான் மறையுமே தவிர, உலாவி ஓடிய நேரம் பதிவாகும். கைபேசியை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைத்தால் உள்ளே இருக்கும் கணக்கும் போய்விடும். அழிக்கும் பழக்கத்தை வைத்து மகளைச் சந்தேகிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் பேட்டரி மிச்சமாகும் என்று நம்பித்தான் பலர் தள்ளுகிறார்கள். பெரும்பாலும் மிச்சமாவதில்லை.

கேள்வி: என் கணவர் எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் என் கைபேசியிலிருந்தே பார்க்க ஏதேனும் செயலி இருந்தால் சொல்லுங்கள். என் பதினான்கு வயது மகனுடையதையும் பார்க்க வேண்டும்.

பதில்: கடிதத்தின் இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது எளிது. கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ 2017 முதல் இருக்கிறது. ஐபோனில் குடும்பப் பகிர்வின் வழியே ஸ்கிரீன் டைம் அதே வேலையைச் செய்கிறது. இரண்டிலும் மகனின் செயலிகள், அவற்றின் நேரம் ஆகியவற்றை உங்கள் கைபேசியில் பார்க்கலாம், அன்றாட வரம்பும் வைக்கலாம். இவை மறைவாக இயங்குவதில்லை. தன் கைபேசி பெற்றோரின் மேற்பார்வையில் இருக்கிறது என்பது மகனுக்கும் தெரியும். அதைக் குறையாகக் கருதாதீர்கள். எண்களை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எந்தச் செயலி அதிகம் என்பதைவிட, இரவு எத்தனை மணி வரை பட்டைகள் நீள்கின்றன என்பதைக் கேளுங்கள்; பதினான்கு வயதில் பேச வேண்டியது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

கணவரைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்ட வகைச் செயலியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வயதுவந்த ஒருவரின் கைபேசியில் அவர் அறியாமல் வேவு பார்க்கும் மென்பொருளை நிறுவுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். அது ஒருபுறம் இருக்க, அத்தகைய செயலிகள் திரட்டும் படங்களும் செய்திகளும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குத்தான் முதலில் போகின்றன. அதில் உங்கள் செய்திகளும், உங்கள் மகனின் படங்களும் இருக்கும். மேலும் ஒன்று. மேலே முதல் கேள்விக்குச் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: ஒரு செய்திச் செயலி இரவு 11 மணிக்கு 40 நிமிடம் திறந்திருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், உங்களுக்கு விடை கிடைக்காது, கேள்விகள்தான் பெருகும். மனத்தில் இருப்பதை அவரிடமே கேட்பது கடினம் என்பதை நான் அறியாமல் சொல்லவில்லை.

கேள்வி: டார்ச் வெளிச்சத்துக்காக நிறுவிய ஒரு செயலி, ‘பயன்பாட்டு அணுகல்’ வேண்டும் என்று அமைப்புகளுக்கு அழைத்துச் செல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மற்ற செயலிகளில் எது எப்போது திறக்கப்படுகிறது என்பதைப் படிக்கும் உரிமை அது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பில் இந்த வாயில் வந்தபோதே, வழக்கமான ‘அனுமதி, மறு’ என்ற சிறு பெட்டியில் அடக்காமல், பயனரே அமைப்புகளுக்குள் போய்க் கையால் இயக்க வேண்டும் என்று வைத்தார்கள். அவ்வளவு தூரம் அழைத்துப் போவதே எச்சரிக்கைதான். செயலிகளுக்குப் பூட்டுப் போடும் செயலிக்கு இந்த உரிமை தேவை, எது திறக்கிறது என்று தெரிந்தால்தானே பூட்ட முடியும்? திரை நேரத்தைக் கட்டுப்படுத்தும் செயலிகளுக்கும் தேவை. விளக்கை ஏற்றி அணைப்பதற்கு இது எதற்கு?

அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குள் சிறப்பு அணுகல் என்ற பிரிவைத் தேடி, அதில் பயன்பாட்டு அணுகலைத் திறந்து பாருங்கள். முன்பு எப்போதோ அனுமதித்து மறந்த பெயர்கள் இருந்தால் அணைத்துவிடுங்கள். கூடவே, அணுகல்தன்மைச் சேவைகளின் (திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகக் கைபேசியை இயக்கவும் உரிமை பெற்றவை) பட்டியலையும் பார்ப்பது நல்லது. முன் கேள்வியில் சொன்ன வேவு மென்பொருள்கள் வழக்கமாக அந்த இரண்டு இடங்களில்தான் பதுங்கும், பெரும்பாலும் ‘சிஸ்டம்’, ‘அப்டேட்’ போன்ற அப்பாவிப் பெயர்களோடு.

கேள்வி: எந்தச் செயலி என் கேமராவையும் மைக்கையும் பயன்படுத்தியது என்று பார்க்க முடியுமா?

பதில்: ஆண்ட்ராய்டு 12 முதல், அதாவது 2021 முதல், தனியுரிமைப் பகுதியில் இதற்கென ஒரு டாஷ்போர்டு இருக்கிறது. இருப்பிடம், கேமரா, மைக் ஆகியவற்றை எந்தச் செயலி எத்தனை மணிக்குத் தொட்டது என்பதைக் கடந்த 24 மணி நேரத்துக்குக் காட்டும். அடுத்த பதிப்பிலிருந்து 7 நாள் வரை பார்க்கலாம். ஐபோனில் 2021 டிசம்பரில் வந்த 15.2 பதிப்பிலிருந்து ‘செயலித் தனியுரிமை அறிக்கை’ உண்டு. அதை நீங்களே இயக்க வேண்டும். இயக்கிய பிறகு நடப்பவைதான் பதிவாகும், 7 நாளுக்கு. இந்தப் பட்டியலில் வரைபடச் செயலி இருப்பிடத்தைக் கேட்டிருந்தால் வியப்பில்லை. அதிகாலை 3 மணிக்கு, நீங்கள் உறங்கும் நேரத்தில், ஒரு விளையாட்டுச் செயலி மைக்கைத் தொட்டதாகத் தெரிந்தால், அதன் அனுமதியை அப்போதே திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: என் பட்டியலில் ‘ஹோம்’ என்று முடியும் ஒரு செயலி தினமும் 30, 40 நிமிடம் காட்டுகிறது. நான் அப்படி எதையும் நிறுவவில்லை. வைரஸா?

பதில்: இல்லை. அது ‘லாஞ்சர்’ என்று சொல்லப்படும் உங்கள் முகப்புத் திரைதான். செயலிகளின் சின்னங்கள் அடுக்கப்பட்டிருக்கும் அந்தப் பக்கமும் கைபேசியின் கணக்கில் ஒரு செயலியே. சாம்சங் கைபேசிகளில் அதன் பெயர் ‘ஒன் யூஐ ஹோம்’. மற்றவற்றில் பெயர் மாறும். எதையோ திறக்க வேண்டும் என்று கைபேசியை எடுத்து, எதை என்பது மறந்துபோய், சின்னங்களை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதன் பெயரில்தான் ஏறுகிறது. என் கைபேசியில் நேற்று அது 22 நிமிடம்.